புது எஞ்சினுக்கு அழுக்குப் பூசிய கதை

1

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். கடல் தாண்டி வந்துவிட்டால் அந்த வாய் எட்டாது என்று நான் நினைத்திருந்தேன். எட்டுகிறது. இங்கே மலாயாவில், பொந்தியானில் ஒரு மளிகைக்கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், போன வாரம் என்னைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார். நலம் விசாரித்தார். வெற்றிலை போட்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊர்ல ஒரு பேச்சு நடக்குது."

"நடக்கட்டும் தம்பி. பேச்சுக்குக் கால் இருக்கு, நடக்கத்தான் செய்யும்."

"ஒங்க மக கல்யாணத்துக்கு அண்ணியும் பையனும் கப்பலேறி வந்து எறங்குனாங்க. நீங்க வரலே. இங்க ஒங்களுக்கு இன்னொருத்தி இருக்கான்னு..."

"இருக்கா" என்றேன்.

அவர் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"ஒரு முழங்கை நீளம் இருப்பா. பித்தளை உடம்பு. கறுப்புச் சேலை. சாவி கொடுத்தா ஓடுவா."

எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம். அவர் போய் ஊருக்கு என்ன எழுதுவாரோ தெரியாது. அதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இந்தத் தையோடு என் மகள் காமாட்சிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். தாரை வார்த்துக் கொடுத்தவர் என் அண்ணன். பெற்றவள் ஓர் ஓரமாகப் பெண்களோடு நிற்க, பெரியப்பனும் பெரியம்மாவும் மணையில் உட்கார்ந்து நீர் வார்த்தார்கள். முறை தப்பவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பன் என்பது நம் முறைதான். ஆனால் தகப்பன் மண்ணுக்குள் போயிருந்தால்தான் அந்த முறை. நானோ மண்ணுக்கு மேலே, ஜொகூரில், கையில் தூரிகையோடு உட்கார்ந்திருந்தேன்.

2

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எல்லாரும் படித்துவிட்டு எழுதுவார்கள். நான் எழுதி எழுதித்தான் படிக்கக் கற்றேன். பட்டுக்கோட்டையில் கடைப்பலகை எழுதுகிற ஒருவருக்கு வர்ணம் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் 'மளிகை' என்பது எனக்கு ஒரு படம். அதில் 'ளி'க்கு வயிறு பெரிது, 'கை'க்கு முன்னால் இரட்டைச் சுழி. அப்படித்தான் ஒவ்வொரு எழுத்தும் உள்ளே போயிற்று. பொங்கல் வந்தால் மாட்டுக் கொம்பு, வண்டிச் சக்கரம். மற்ற நாளில் வயிற்றில் ஈரத்துணி.

அந்த வயிறுதான் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியின் பேச்சைக் கேட்டது. மூன்றே வருஷம் என்றான். நாகப்பட்டினம் டிப்போவில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காமாட்சிக்குக் காய்ச்சல் கண்டது. நாலு வயசுப் பிள்ளை. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், பிள்ளை கப்பலேற முடியாது என்று விட்டார். நாங்களோ கைநாட்டு வைத்தாகிவிட்டது. பேரும் ஏறிவிட்டது. சேதி போய் அண்ணன் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். அவர் தோளில் தூங்கிக்கொண்டே போனாள். விழித்திருந்தால் அழுதிருப்பாள். அழுதிருந்தால் நாங்கள் இறங்கியிருப்போம்.

மூன்று வருஷம் எப்படி இத்தனை வருஷமாயிற்று என்று கேட்காதீர்கள். புளியமரத்தில் ஏறினவன் பல்லைக் கேட்டால் எப்போது கூசிற்று என்று சொல்லுமா? ரெங்கம் ரயிலடியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம். வரிசை வரிசையாக, ஒன்றைப் போல் ஒன்று. முதல் வருஷம் செல்லாயி, என் மனைவி, பால் வெட்டப் போய்த் திரும்பி வர வழி தெரியாமல் அழுதிருக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே நிழல்.

என்னை நல்லவேளையாக வர்ண வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மரங்களுக்கு நம்பர் போடுவது, பங்களாச் சன்னல், லாரி, ஆபீஸ் பலகை. இங்கிலீஷ் எழுத்தையும் 'மளிகை' போலத்தான் எழுதினேன். அர்த்தம் தெரியாது. வயிறும் சுழியும் தெரியும். ஆட்டுக் கொட்டிலுக்குள் போனால் ஆடு மாதிரியே கத்து என்று இங்கே மலாய்க்காரர்கள் சொல்வார்கள். நன்றாகவே கத்தினேன்.

மகன் மாணிக்கம் இங்கே பிறந்தவன். அவன் கத்தவே வேண்டியதில்லை, அவன் பேச்சே அதுதான். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளோடு மலாயில் சண்டை போட்டு மலாயிலேயே ராசியாவான். அக்கா என்று ஒருத்தி இருப்பதை அவன் சாமி இருப்பதைப் போல நம்பினான். கண்டதில்லை, ஆனால் வீட்டில் சொல்கிறார்கள்.

3

எங்கள் துரை நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் நான் என்றைக்கோ ஊர் வந்து சேர்ந்திருப்பேன்.

தனிக்கட்டை. தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். அவர் பேசினால் புத்தகம் வாய் திறந்து பேசுவதுபோல் இருக்கும். "நீ யாது செய்கிறாய்?" என்பார். பால்மரக்காட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சாயங்காலம் ஆனால் மற்ற துரைகள் கிளப்புக்குப் போவார்கள். இவர் அரம், கத்திரி, பித்தளைத் தகடு எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ரெங்கத்தில் நாள்தோறும் நின்று போகும் எஞ்சினை அப்படியே சிறிதாகச் செய்துகொண்டிருந்தார். பங்களா வராந்தாவைச் சுற்றிக் குட்டித் தண்டவாளம். எஞ்சின் என் முழங்கை நீளம்தான். ஆனால் ஆணி, திருகு, கைப்பிடி ஒன்று குறையாது.

செய்தவர் அவரே வர்ணமும் பூசிப் பார்த்தார். இரண்டாம் நாளே வெயிலில் காய்ந்த கண்மாய் மாதிரி வெடித்து உரிந்துவிட்டது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார். நான் போகும்போது ஓர் உருண்டை புளி கொண்டுபோனேன். துரை புளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உணவா?"

"இல்லீங்க தொரை. குளிப்பாட்டணும்."

பித்தளையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் வர்ணம் கவ்வும். முதல் பூச்சு தண்ணீர் மாதிரி. காய்வதற்குள் தூசி விழாமல் இருக்கக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி சுற்றினேன். சமையல்காரர், சீனர், உள்ளே கோழி இருக்கிறதென்று தவிடு கொண்டுவந்து வைத்துவிட்டார்.

எழுத்து மட்டும் சீமையிலிருந்து வந்தது. தாளில் பொன்னெழுத்து அச்சடித்திருக்கும். பசை தடவி, இறுகும் பதம் பார்த்துத் தகட்டில் ஒட்டி, தாளை நனைத்து மெல்ல உருவினால் எழுத்து மட்டும் தகட்டில் தங்கிவிடும். பதம் தப்பினால் எழுத்து தாளோடு வந்துவிடும். நம் ஊர் எறும்புக்கு இங்கத்து எறும்பு அண்ணன்காரன். முதல் தாளின் பசையை ஒரே பகலில் தின்று தீர்த்துவிட்டது. அடுத்த தாளை, பால் சட்டியை வைப்பதுபோல் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்துக் காப்பாற்றினேன்.

முடித்ததும் எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. துரை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இது கடையில் விற்கும் பொம்மை. இதற்கு அழுக்கு வேண்டும்."

"என்னங்க வேணும்?"

"அழுக்கு. கரி. துரு. நீ பூசு."

எனக்கு மனசு ஒப்பவில்லை. புதுச் சாமான் வந்தால் சந்தனம் வைப்போம், எலுமிச்சம்பழம் கட்டுவோம். கரியை அள்ளிப் பூசுவோமா? வெள்ளைக்காரனுக்கும் கண்ணேறு பயம் இருக்கும்போல என்று நானாகத் தீர்மானித்து, குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பதுபோல் ஒரு பக்கத்தில் உருண்டையாக ஒரு கரும்பொட்டு வைத்துக் கொடுத்தேன்.

"இது யாது?"

"அழுக்குங்க. திருஷ்டி படாது."

துரை சிரிக்கவில்லை. காரில் ஏற்றி ரெங்கத்துக்கே அழைத்துப்போய், எஞ்சின் நிற்கும் நேரமெல்லாம் என்னை அதன் முன்னால் நிறுத்தினார். அன்றைக்குத்தான் நான் அழுக்கை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை துடைக்க மட்டுமே தெரியும். அழுக்கு மூட்டையாக வந்து விழுவதில்லை. புகை மேலே தங்கும். செம்மண் சக்கரத்தோடு நிற்கும். துரு, ஆணி இருக்கும் இடத்தில் கண்ணீர் மாதிரி வழியும். எண்ணெய் பட்ட இடத்தில் தூசி பிடித்துக் கறுத்துத் தடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

விளக்குச் சிம்னிப் புகை, துணியில் சலித்த செம்மண், வெற்றிலைச் சுண்ணாம்பு. இவற்றை வைத்துக்கொண்டு தேய்ந்த தூரிகையால் ஒற்றி ஒற்றி ஆரம்பித்தேன். ருசி கண்ட பூனை என்பார்களே, அதுதான்.

4

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் விலை விழுந்தது.

தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்தார்கள். சர்க்காரே கப்பல் சீட்டுக் கொடுத்து ஊருக்கு அனுப்பியது. நீங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள், மூட்டையும் முடிச்சுமாய் வந்து இறங்கியவர்களை. அவர்களில் பாதிப்பேர் இங்கிருந்து அழுதுகொண்டே வந்தவர்கள். மாடு வைத்திருந்தவர், லயத்து வீட்டுக்குப் பின்னால் வாழை போட்டிருந்தவர், ஊரில் சொந்தம் என்று ஒரு சுவர்கூட இல்லாதவர். "நான் போகலே, என்னை அனுப்பாதீங்க" என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி காலில் விழுந்தார்கள். அவர்களை அனுப்பினார்கள்.

அதே வாரம் அண்ணனிடமிருந்து காகிதம். காமாட்சிக்கு இடம் குதிர்ந்துவிட்டது, தையில் முகூர்த்தம், நீ வந்து தாரை வார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று செல்லாயி துள்ளினாள். கைக்காசில் கப்பலேறும் நிலை அந்த ஆண்டு எவனுக்கும் இல்லை. போவதென்றால் அந்தச் சர்க்கார் சீட்டில்தான் போக வேண்டும். நான் கிராணியிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு வார்த்தைக்கு மேல் இரண்டாம் வார்த்தையைச் சிக்கனம் பண்ணுகிறவர்.

"உதவாத ஆள் முதல்ல. அதுதான் துரைட ஓர்டர்."

"நானும் உதவாத ஆளுதாங்க ஐயா. மரத்துக்கு நம்பர் போட்டு இனி யாருக்கு என்ன?"

"நீயோ?" கிராணி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீ பங்களா ஆள்."

துரையிடமே கேட்டேன். "எஞ்சின் முடியட்டும்" என்றார், என் கையிலிருந்த தூரிகையைப் பார்த்துக்கொண்டே.

அன்று சோறு போடும்போது செல்லாயி சொன்னாள்: "கெடுத்துடுங்க."

"எதை?"

"அந்த எஞ்சினைத்தான். ஒங்க கையாலதானே நல்லா வந்துச்சு? ஒங்க கையாலயே கெடுத்துடுங்க. உதவாத ஆளுன்னு பேரு வாங்குங்க. நீங்க ஒதவ மாட்டீங்கன்னு எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரியும். தொரைக்கு மட்டும் இன்னும் தெரியலே."

"எப்படிக் கெடுக்கறது?"

"அதையும் நான் சொல்லணுமா? நான் கொழம்பைக் கெடுக்கறப்போ யாரையாச்சும் கேட்டா கெடுக்கறேன்?"

மாணிக்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் அங்க வரலே. தா மாவ்" என்றான். வேண்டாம் என்று அர்த்தம். யாரும் அவனைக் கேட்கவில்லை.

மறுநாள் தீர்மானத்தோடு போனேன். கரியைக் குழம்பாகக் குழைத்து முன்பக்கத்தில் ஈஷினேன். ஐந்து நிமிஷம் சும்மா இருந்தேன். ஆறாவது நிமிஷம் என் கை போய் அதை வழித்துத் துடைத்து, ஓரத்தில் லேசாக ஒற்றி, புகை நிற்கும் விதமாக நிறுத்திவிட்டது. மறுபடி கெடுத்தேன். மறுபடி கை போயிற்று. இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது. எனக்கு இரண்டும் சேர்ந்த கை.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஆயுத பூஜை கழிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளுகிறவர்கள் நம் ஆட்கள்தானே. பூஜைக்கு எஞ்சினைக் கழுவி விபூதிப் பட்டையும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் துரைக்கோ இந்த விஷயம் ஆகாது. போன வருஷப் பூஜையில் அவர் கார் டிரைவர் காருக்குக் குங்குமம் வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே சோப்புப் போட்டுக் கழுவின கதை தோட்டம் முழுக்கத் தெரியும். சரி, எஞ்சினுக்கு விபூதி பூசுவோம், மனுஷர் கொதித்துப்போய் என்னைப் பங்களாப் பக்கமே வராதே என்று விரட்டட்டும் என்று நினைத்தேன்.

பூசினேன். ஆனால் எப்படிப் பூசினேன்? பூஜையன்று வைத்ததுபோல் பச்சென்று பூசியிருந்தால் அது வேறு. என் கை அப்படிச் செய்யவில்லை. சில வாரம் மழையிலும் புகையிலும் ஓடின எஞ்சினில் சந்தனம் எப்படி நிற்குமோ அப்படிச் செய்தது. முன் கதவில் சூடு அதிகம், அங்கே வைத்த சந்தனம் கருகி வெல்லப்பாகு நிறமாகும். டிரைவர் நிற்கும் பக்கம் சூடில்லை, அங்கே வெளுத்து, கண்மாய் மண் மாதிரி வெடிக்கும். விபூதி மூன்று கோட்டில் மேல்கோடு புகையில் மறைந்துவிடும், கீழ்க்கோடு மழையில் கரைந்துவிடும், நடுக்கோடு பாதி நிற்கும். குங்குமம் துருவோடு துருவாகிவிடும். இதெல்லாம் யோசித்துச் செய்ததில்லை. கை செய்தது.

5

துரை எஞ்சினைக் கையில் எடுத்தார். சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பூதக்கண்ணாடி வைத்தார்.

"இது யாது?"

"சாமி கும்பிட்டதுங்க தொரை. பூஜைக்கு வெச்சது."

"யார் உன்னை வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க."

எஞ்சினை மேஜையில் வைத்தார். தொப்பியை எடுத்தார். கார் கிளம்பிப் போய்விட்டது. சமையல்காரர் என்னைப் பார்த்து "மாத்தி லா" என்று கழுத்தைச் சாய்த்துக் காட்டினார், செத்தாய் என்பதுபோல். நான் வராந்தாப் படியில் உட்கார்ந்து சந்தோஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். வேலை போகிறது, சீட்டு வருகிறது, தாரை வார்க்க என்ன வேட்டி கட்டலாம் என்று அதுவரை மனசு ஓடிவிட்டது.

துரை திரும்பி வந்தார். இறங்கின மனிதர் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது.

"ரெங்கம் போனேன்! எஞ்சின் பார்த்தேன்! இருக்கிறது! கருகி இருக்கிறது, வெடித்தும் இருக்கிறது!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இப்போது இது பொம்மை அல்ல. இது நம் எஞ்சின். வேறு எந்த நாட்டிலும் இப்படி இருக்காது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவர்களைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் பிடித்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஆனாலும் மனிதர் குளிர்ந்திருக்கிறார், காற்றுள்ளபோது தூற்றிக்கொள்ள வேண்டும் என்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். மகளுக்குக் கல்யாணம், தையில், தகப்பன் போயாக வேண்டும், எஞ்சினும் முடிந்துவிட்டது.

"திருமணமா? மிக்க மகிழ்ச்சி! நான் அவசியம் உதவி செய்வேன்."

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். செல்லாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, சாமி வெச்ச பொட்டு வீண்போகாது" என்றாள். கெடுக்கச் சொன்னவளே அவள்தான். அன்றே பழைய டிரங்குப் பெட்டியைத் துருத் தட்டி வெயிலில் வைத்தாள்.

6

பெரட்டுக் களத்தில்தான் பேர் வாசிப்பார்கள். விடிந்ததும் எல்லாரும் வரிசையாக நிற்போமே, அந்த இடம். கிராணி காகிதத்தை விரித்தார். ஒவ்வொரு பேராக வந்தது. ஒருத்தி ஒப்பாரி வைத்தாள். ஒருவர் இடுப்பில் கைவைத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லாயி. மகன் மாணிக்கம்."

அடுத்தது என் பேர் என்று ஓரடி முன்னால் வைத்துவிட்டேன். வேறு யார் பேரோ வந்தது. காகிதம் மடங்கிவிட்டது.

"ஐயா, எம் பேரு?"

"துரை வெட்டிப் போட்டார்" என்றார் கிராணி. பிறகு அவருக்கே என்னவோ போலிருந்திருக்கும், வழக்கத்துக்கு மாறாக இன்னும் நாலு வார்த்தை செலவழித்தார். "பெஞ்சாதி பிள்ளையைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். கலியாணம் எண்டு நீதானே சொன்னனி."

பங்களாவுக்கு ஓடினேன். துரை வராந்தாவில் புதுத் தகடுகளைப் பரப்பி வைத்திருந்தார். என்னைக் கண்டதும், நன்றி சொல்ல வருகிறேன் என்று நினைத்துக் கையை அசைத்தார்.

"சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம். உன் மனைவி திருமணம் பார்ப்பாள். உன் மகன் தன் நாடு பார்ப்பான். மிக நல்லது."

"நான் போகணுங்க தொரை. தகப்பன் கையாலதான் குடுக்கணும்."

"நீ அடுத்த வருடம் போவாய். இப்போது பெட்டிகள் இருக்கின்றன." தகடுகளைக் காட்டினார். "மூன்றாம் வகுப்புப் பெட்டி, சரக்குப் பெட்டி. எஞ்சின் மட்டும் எப்படி ஓடும்?"

வேலை செய்யத் தெரியாதவனாக இருந்தால் கெஞ்சலாம். கோபக்காரரிடம் கோபிக்கலாம். பிரியத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறவர் கையை எப்படி உதறுவது? போகிறேன் என்று நானாக விலகினாலும் கப்பல் சீட்டு அவர் கையெழுத்தில்தான். சந்திலே முட்டின மாடு மாதிரி நின்றுவிட்டு வந்தேன்.

செல்லாயி முதலில் அழுதாள். பிறகு நானும் போகவில்லை என்றாள். பிறகு அவளே, "பெத்தவங்க ரெண்டு பேரும் இல்லாம எம் புள்ளை மணையில ஒக்காரணுமா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க நெசமாத்தான் கெடுத்தீங்களா?"

"கெடுக்கத்தான் போனேன்."

"போனீங்க. அது தெரியுது." டிரங்குப் பெட்டியிலிருந்து என் வேட்டியை வெளியே எடுத்து மடித்துத் தனியாக வைத்தாள்.

மாணிக்கம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பாவுக்குப் போகணும், அனுப்பலே. எனக்கு வேணாம், அனுப்பறீங்க. என்னா கணக்கு லா இது?" என்றான்.

7

அவர்கள் போய் இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தோட்ட வேலைக்குப் புது ஆளை உள்ளே விடுவதில்லை என்று இப்போது சட்டம் இறுக்கியிருக்கிறார்கள். ஆகையால் செல்லாயி திரும்பி வர வழியில்லை. மாணிக்கம், 'என்னை அங்கேயே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்' என்று அண்ணனிடம் சொல்லி எழுத வைக்கிறான். ஊர்ப் பிள்ளைகள் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். சிரிக்காதீர்கள். அந்த ஒன்றை மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவன் தப்பாகப் பேசவில்லை, அவன் ஊர்ப் பேச்சைப் பேசுகிறான்.

இன்னொருத்தி இருக்கிறாள் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். இதைச் செல்லாயியிடம்கூடச் சொன்னதில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று ரெங்கம் ரயிலடியில் கூட்டம் நெரிந்தது. மூட்டைகளை ஏற்றிவிட்டேன். செல்லாயி உள்ளே இடம் பிடித்துக்கொண்டு, காமாட்சியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடமே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மாணிக்கம் சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு உர்ரென்று இருந்தான். அவர்கள் பெட்டி எஞ்சினுக்கு அடுத்த பெட்டி. மணி அடித்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன், திடீரென்று கையை நீட்டி, "அப்பா" என்றான்.

நான் அப்போது எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் ஏறிக்கொண்டிருந்தார். அவர் பிடித்து ஏறும் கம்பி மேலும் கீழும் கறுத்து அழுக்கேறிக் கிடந்தது. நடுவில் ஒரு பிடி அளவு மட்டும் வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. நாள்தோறும் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். கை பிடிக்கிற இடத்தில் அழுக்கு நிற்பதில்லை. அட, இதை விட்டுவிட்டோமே, நான் கம்பி முழுக்க ஒரே சீராகக் கரி பூசிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த "அப்பா" காதில் விழுந்தது. திரும்புவதற்குள் பெட்டி நகர்ந்துவிட்டது. நீட்டின கை கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது.

மறுநாள் பங்களாவுக்குப் போனதும், எஞ்சினைக் கையில் எடுத்து, குட்டிக் கம்பியின் நடுவில் துணி சுற்றிய ஊசியால் தேய்த்தேன். கரி போய்ப் பித்தளை மின்னிற்று. துரை பின்னால் வந்து நின்று பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மிகச் சரி! இதை நீ எப்போது கண்டுபிடித்தாய்?"

"நேத்துப் பார்த்தேங்க, தொரை."